எந்த கேமரா, எந்த கம்ப்யூட்டர்? கல்யாண போட்டோ எடுக்கற தம்பிங்க என்கிட்ட அடிக்கடி கேக்கற கேள்விகள்

கும்பகோணம், தஞ்சாவூர், மாயவரம் பக்கம் கல்யாணம் எடுத்துட்டு இருக்கேன், 16 வருஷம் ஆச்சு. ஆடி பொறந்தா போதும், மண்டபம் எல்லாம் பூட்டிடுவாங்க, எனக்கு போன் வர ஆரம்பிச்சிடும். "அண்ணா கையில 2 லட்சம் இருக்கு, எந்த பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) எடுக்கலாம்", "அண்ணா லைட்ரூம் (படம் எடிட் பண்ற சாஃப்ட்வேர்) தொங்குது, எந்த சிஸ்டம் போடலாம்". ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதையே இங்க ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன். பறவை எடுக்கறவங்க சில பேரும் கேக்கறாங்க, அவங்களுக்கும் நடுவுல கொஞ்சம் இருக்கு.

கே: அண்ணா, இப்ப இருக்கறதுல எந்த கேமரா பெஸ்ட்?

ப: இதுக்கு நான் பதில் சொல்றதுக்கு முன்னாடி உங்க ஹார்ட் டிஸ்க் பதில் சொல்லும். லைட்ரூம் கிளாசிக்ல லைப்ரரிக்கு போங்க, கடைசியா எடுத்த 10 வேலையும் செலக்ட் பண்ணுங்க, பேக்ஸ்லாஷ் கீய தட்டுனா மேல ஒரு ஃபில்டர் பட்டை வரும், அதுல மெட்டாடேட்டான்னு இருக்கறத அமுக்குங்க. நாலு காலம் வரும், ஒவ்வொரு காலத்தோட தலைப்பையும் நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கலாம், லென்ஸ், ஃபோக்கல் லெங்த் (லென்ஸோட மில்லிமீட்டர் அளவு), ஐஎஸ்ஓ (இருட்டுல ஏத்திக்கற அளவு), ஷட்டர் ஸ்பீடுன்னு வச்சீங்கன்னா எதுல எத்தனை படம் எடுத்திருக்கீங்கன்னு எண்ணிக்கையோட காட்டும்.

போன வருஷம் ஒரு தம்பி 70-200 எஃப் 2.8 ஜூம் லென்ஸ் வாங்கியே ஆகணும்னு வந்தாரு, கடன் வாங்கியாவது. உக்கார வச்சு இதை தொறந்து பாத்தோம். கிளையண்டுக்கு குடுத்த படத்துல பாதிக்கு மேல 35க்கும் 50 மில்லிமீட்டருக்கும் நடுவுல இருக்கு, 150 தாண்டுனது விரல் விட்டு எண்ணிடலாம். ஏன்னா அவர் எடுக்கறது சின்ன மண்டபம், மேடை மேலயே ஏறி நின்னு எடுக்கற பழக்கம், பின்னாடி போறதுக்கு இடமே கிடையாது. 35 எஃப் 1.8 பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) ஒண்ணு வாங்கிட்டு போனாரு, மிச்ச காசு கம்ப்யூட்டருக்கு ஆச்சு. யூடியூப்ல பேசறவரோட பழக்கம் வேற, உங்க பழக்கம் வேற, பொருள் வாங்கப் போறது உங்க பழக்கத்துக்குத்தான்.

கே: முதல்ல கேமராவுக்கு போடறதா, கம்ப்யூட்டருக்கு போடறதா?

ப: உங்களுக்கு நேரம் எங்க ஒழுகுதோ அங்க போடுங்க. கணக்கு போட்டு பாக்கலாம். ஒரு கல்யாணத்துல நிச்சயம், ரிசப்ஷன், முகூர்த்தம் எல்லாம் சேத்து 3000 ஃப்ரேம் எடுக்கறீங்கன்னு வைங்க, 24 மெகாபிக்சல் ரா ஃபைல் (கேமரா சுருக்காம தர்ற மூலப் படம்) ஒண்ணு 30 எம்பின்னா மொத்தம் 90 ஜிபி. செலக்‌ஷன் பண்ணும்போது ஒவ்வொரு படத்துக்கும் சிஸ்டம் 3 செகண்ட் சுத்த விட்டுச்சுன்னா 9000 செகண்ட், அதாவது ரெண்டரை மணி நேரம் நீங்க சும்மா ஸ்கிரீனை பாத்துட்டு உக்காந்திருக்கீங்க, அதுவும் ஒரே ஒரு கல்யாணத்துக்கு. இந்த நிலைமையில இருக்கறவர் புது பாடி வாங்கினா ஃபைல் இன்னும் பெருசாகும், நிலைமை இன்னும் மோசமாகும்.

காசு போடறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாத்துடுங்க. ஒண்ணு கார்டு ரீடர். பழைய யூஎஸ்பி 2 ரீடர்ல அந்த 90 ஜிபி இறங்க முக்கால் மணிக்கு மேல ஆகும், யூஎச்எஸ் 2ங்கற வேகமான மெமரி கார்டும் அதுக்கேத்த ரீடரும் இருந்தா பத்து நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். ரெண்டாவது, இம்போர்ட் பண்ணும்போது பிரிவியூங்கற இடத்துல எம்பெடட் அண்ட் சைட்காரை தேர்ந்தெடுங்க, கேமராவே ரா ஃபைலுக்குள்ள ஒரு ஜேபெக் வச்சிருக்கும், அதையே எடுத்து காட்டிடும், செலக்‌ஷன் சட்டுனு ஓடும். ஃபோட்டோ மெக்கானிக்ங்கற செலக்ட் பண்ற சாஃப்ட்வேர் வேகமா இருக்கறதும் அந்த ஜேபெக்க வச்சுத்தான்.

கே: 45 மெகாபிக்சல், 61 மெகாபிக்சல் எல்லாம் தேவையா?

ப: ஆல்பம் என்ன சைஸ் குடுக்கறீங்க? நம்ம பக்கம் பெரும்பாலும் 12க்கு 36. விரிச்சா 36 இன்ச், ஒரு பக்கம் 12க்கு 18. 300 டிபிஐல (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி) ஒரு பக்கம் முழுக்க ஒரே படம் வச்சா 5400க்கு 3600 பிக்சல் வேணும், அது கிட்டத்தட்ட 19 மெகாபிக்சல். 24 மெகாபிக்சல் பாடி 6000க்கு 4000 தருது. ஆக ஒரு பக்கத்துக்கு தாராளமா போதும், கொஞ்சம் கிராப் பண்ணவும் இடம் இருக்கு.

விரிச்ச ஷீட் முழுக்க ஒரே படம் போட்டா 167 டிபிஐ வரும், மடியில வச்சு பாக்கற ஆல்பத்துல அதுவும் நல்லாவே இருக்கும், நானே நூறு ஆல்பத்துக்கு மேல அப்படி குடுத்திருக்கேன். சோனி ஏ7 ஆர் மார்க் 5ல 61 மெகாபிக்சல், அன்கம்ப்ரஸ்டு ரா எடுத்தா ஒரு ஃபைல் 120 எம்பி கிட்ட வரும். 3000 ஃப்ரேம் எடுக்கற ஆளுக்கு அது சுமை. நகைக்கடை கேட்டலாக், பெரிய ஹோர்டிங், பறவையை தூரத்துல இருந்து எடுத்து கிராப் பண்றது, இந்த மாதிரி வேலைன்னா அந்த பிக்சல் உண்மையிலேயே சோறு போடும்.

கே: ஃபுல் ஃப்ரேமா, கிராப் சென்சாரா?

ப: முகூர்த்தம் காலைல நாலரை அஞ்சுக்கு, மண்டபத்துல மஞ்ச பல்பு, ஹோமப் புகை, ஐயர் ஃபிளாஷ் வேண்டாம்னு சொல்லிட்டாரு, இதுதான் உங்க தினசரின்னா ஃபுல் ஃப்ரேம். 36க்கு 24 மில்லிமீட்டர் சென்சார், ஏபிஎஸ்-சியை (கிராப் சென்சார்) விட பரப்புல ரெண்டு மடங்குக்கு மேல, அதனால ஐஎஸ்ஓவுல ஒரு ஸ்டாப்புக்கு (ரெண்டு மடங்கு வெளிச்சத்துக்கு) கொஞ்சம் அதிகமாவே லாபம். இருட்டுல அந்த ஒரு ஸ்டாப்புக்கு மதிப்பு இருக்கு.

பறவைக்கு கதை தலைகீழ். வேடந்தாங்கல், கூந்தன்குளம்னு போறவங்களுக்கு பகல் வெளிச்சம் இருக்கு, தூரம்தான் பிரச்சினை. நிக்கான் டி500 மாதிரி கிராப் பாடியில 200-500 லென்ஸ் மாட்டினா ஃபுல் ஃப்ரேம்ல 750 மில்லிமீட்டர் வச்ச மாதிரி தெரியும். அந்த பாடி 2016ல வந்தது, இன்னைக்கும் அதை விக்காம வச்சிருக்கற பறவைக்காரங்க இருக்காங்க, அவங்க வச்சிருக்கறதுல நியாயம் இருக்கு.

கே: டிஎஸ்எல்ஆர் வச்சிருக்கேன், எல்லாரும் மிரர்லெஸ் போயிட்டாங்க, நானும் மாறணுமா?

ப: டிஎஸ்எல்ஆர்னா உள்ள கண்ணாடி இருக்கற பழைய வகை, மிரர்லெஸ்னா அந்த கண்ணாடி இல்லாத புது வகை. எல்லாரும் போயிட்டாங்கன்னு மாற வேணாம். நீங்க கேண்டிட் எடுக்கறவரா, லென்ஸை எஃப் 1.4, 1.8ன்னு அகலமா தொறந்து வச்சு நடந்து வர்ற பொண்ணை எடுக்கறவரான்னா மாறுங்க, கண்ணைப் புடிச்சுக்கற ஆட்டோஃபோகஸ் வந்தப்புறம் என் கல்யாணத்துல ஃபோகஸ் தப்பின படம் ரொம்ப கொறஞ்சு போச்சு, அதை நான் மனசார சொல்றேன். டிரெடிஷனல் எடுக்கறவர், ஃபிளாஷ் போட்டு எஃப் 8ல குடும்பத்தை வரிசையா நிக்க வச்சு எடுக்கறவர்னா ஒரு நல்ல நிக்கான் டி750ஓ கேனன் 5டி மார்க் 4ஓ இன்னும் பல வருஷம் ஓடும்.

பேட்டரி பழக்கம் மாறும், அதை யாரும் முன்கூட்டி சொல்றதில்ல. டி750 ஒரு சார்ஜுக்கு 1230 ஷாட்னு கம்பெனி கணக்கு, சோனி ஏ7 மார்க் 3 மிரர்லெஸ்ல நல்ல பேட்டரின்னு பேரு வாங்கினது, அதுவே 710தான். நிஜத்துல ரெண்டுலயும் இதுக்கு மேல எடுப்போம், ஆனா மிரர்லெஸ்ல நீங்க எடுக்காம சும்மா கண்ணுல வச்சு காத்துட்டு இருந்தாலும் பேட்டரி இறங்கும். மூணு பேட்டரி இல்லாம கல்யாணத்துக்கு போகாதீங்க.

இன்னொண்ணு சைலண்ட் ஷட்டர். சத்தமே இல்லாம எடுக்கலாம்னு ஆசையா போட்டுடுவோம், ரிசப்ஷன் மேடையில எல்இடி வால், கலர் லைட் எல்லாம் இருக்கும், வீட்டுக்கு வந்து பாத்தா படம் முழுக்க கோடு கோடா பட்டை விழுந்திருக்கும். சென்சார் மேல இருந்து கீழ வரிசை வரிசையா படிக்குது, அதுக்குள்ள லைட் பல தடவை அணைஞ்சு எரிஞ்சிடுது, அதனால வர்றது. மண்டபத்துல மெக்கானிக்கல் ஷட்டர்லயே இருங்க. நம்ம ஊர் கரெண்ட் 50 ஹெர்ட்ஸ், சாதாரண லைட் செகண்டுக்கு 100 தடவை துடிக்கும், அதனால ஷட்டரை 1/50 இல்ல 1/100ல வச்சா வெளிச்சம் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறாம வரும், அதுக்கு மேல போறதா இருந்தா ஆன்டி ஃபிளிக்கரை ஆன் பண்ணிக்கோங்க. ஏ9 மார்க் 3 மாதிரி குளோபல் ஷட்டர் பாடியில சென்சார் மொத்தமும் ஒரே நேரத்துல படிக்கறதால வரிசை வரிசையா விழற இந்த பட்டை வராது, ஆனா அது நம்ம பட்ஜெட்டுக்கு வெளிய இருக்கு.

கே: ஒரே கார்டு ஸ்லாட் இருக்கற பாடி விலை கம்மியா வருது, எடுக்கலாமா?

ப: கல்யாணம் எடுக்கறவர்னா எடுக்காதீங்க. இதுல மட்டும் நான் விட்டுக் குடுக்கவே மாட்டேன்.

தொழிலுக்கு வந்து மூணாவது வருஷம், ஒரே ஸ்லாட் இருந்த பாடி. பாபநாசம் பக்கத்துல ஒரு கல்யாணம். கெட்டிமேளம் முழங்குது, மாப்பிள்ளை தாலி கட்றாரு, நாத்தனார் மூணாவது முடிச்சு போடறாங்க, எல்லாம் எடுத்தேன், ஸ்கிரீன்ல பாத்தேன், இருந்துச்சு. ராத்திரி வீட்டுக்கு வந்து கார்டை போட்டா ஃபார்மேட் பண்ணவான்னு கேக்குது. கை நடுங்கிடுச்சு. ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு விடிய விடிய உக்காந்து முக்காவாசி வந்துச்சு, தாலி கட்டற நேரத்து படத்துல பாதி கீழ் பக்கம் சாம்பல் கலரா போயிருந்துச்சு. பொண்ணோட அப்பா வீட்டுக்கே போய் சொன்னேன். அவர் திட்டல, "அந்த ஒரு படம்தான் தம்பி கேட்டேன்"னு மட்டும் சொன்னாரு. இன்னைக்கும் அந்த தெரு வழியா போனா மனசு கனக்கும்.

அதனால ரெண்டு ஸ்லாட், ரெண்டுலயும் ஒரே படம் ஒரே நேரத்துல எழுதற மாதிரி பேக்கப் மோடு. ஒண்ணு நெறஞ்சா அடுத்ததுக்கு போற ஓவர்ஃப்ளோ மோடுல வச்சுட்டு ரெண்டு ஸ்லாட் இருக்குன்னு சொல்றதுல அர்த்தம் இல்ல. நிக்கான் இசட்6 முதல் மாடல்ல ஒரே ஸ்லாட், இசட்6 மார்க் 2ல ரெண்டு. கேனன் ஆர்பில ஒண்ணு, ஆர்6ல ரெண்டு. சோனி ஏ7 மார்க் 2ல ஒண்ணு, மார்க் 3ல ரெண்டு. செகண்ட் ஹேண்ட் பாக்கும்போது இதை முதல்ல பாருங்க.

கே: லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா?

ப: எடிட் எங்க உக்காந்து பண்றீங்க? வீட்டுல, ஸ்டுடியோவுல ஒரே டேபிள்னா டெஸ்க்டாப். அதே காசுக்கு வேகம் அதிகம், ரேம் போடலாம், ஹார்ட் டிஸ்க் சேக்கலாம், ஒரு பார்ட் போனா அதை மட்டும் மாத்தலாம், சென்னைல ரிச்சி ஸ்ட்ரீட் போனா எல்லாம் கெடைக்கும். கூட ஒரு யூபிஎஸ் கண்டிப்பா, கரெண்ட் டக்குனு போய் லைட்ரூம் கேட்டலாக் (எடிட் விவரமெல்லாம் இருக்கற ஃபைல்) கெட்டுப் போனவங்களை நான் பாத்திருக்கேன்.

ரிசப்ஷன் அன்னைக்கு எடுத்த படத்தை மறுநாள் காலைல மண்டபத்துலயே ஸ்கிரீன்ல ஓட்டணும்னு கேக்கற கிளையண்ட் இருக்காங்கன்னா, வெளியூர் வேலை அதிகம்னா லேப்டாப். ஆனா லேப்டாப் வாங்கும்போது ரேம் பின்னாடி சேக்க முடியுமான்னு கேளுங்க, இப்ப நெறைய மாடல்ல போர்டோட சால்டர் பண்ணிடறாங்க. ரெண்டும் வச்சிருக்கறவங்க ஸ்மார்ட் பிரிவியூ கட்டி லேப்டாப்ல எடுத்துட்டு போகலாம், நீளப் பக்கம் 2560 பிக்சல் வர்ற சின்ன ஃபைல், ரா இல்லாமலேயே பஸ்ல உக்காந்து கலர் பண்ணலாம், வீட்டுக்கு வந்து ஒரிஜினலோட சேத்துக்கலாம்.

கே: ரேம் எவ்வளவு, கிராஃபிக்ஸ் கார்டு வேணுமா?

ப: லைட்ரூம் மட்டும்னா 16 ஜிபில காலம் தள்ளலாம். லைட்ரூமும் தொறந்து வச்சு ஃபோட்டோஷாப்ல 12க்கு 36 ஷீட்டும் லேயரோட டிசைன் பண்றவர்னா 32. கிராஃபிக்ஸ் கார்டு முன்னெல்லாம் போட்டோவுக்கு பெருசா தேவைப்படாது, 2023ல லைட்ரூம்ல ஏஐ டினாய்ஸ் (படத்துல வர்ற புள்ளிப் புள்ளியை நீக்கறது) வந்துச்சு, அது முழுக்க கிராஃபிக்ஸ் கார்டு வேலை, நல்ல கார்டு இருந்தா சில செகண்ட், இல்லாட்டி ஒரு படத்துக்கே நிமிஷக் கணக்குல. ஐஎஸ்ஓ 6400க்கு மேல எத்தனை படம் குடுக்கறீங்கன்னு அந்த மெட்டாடேட்டா ஃபில்டர்லயே பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

கே: கேமரா மாத்தினதுல இருந்து வீடியோ டைம்லைன் தடுமாறுது, சிஸ்டம் அதேதான், ஏன்?

ப: இது இப்ப நெறைய பேருக்கு நடக்குது. ஏ7 மார்க் 3ல எடுத்தது 8 பிட் 4:2:0 (கலர் விவரம் கம்மியா இருக்கற வகை), பழைய சிஸ்டமும் இழுத்துச்சு. மார்க் 4க்கு மாறி எச்.265, 10 பிட், 4:2:2ல எடுக்கறீங்க. இந்த வகையை விரிச்சுக் காட்டறதுக்குன்னு சிப்புக்குள்ள தனி பாகம் வேணும். என்விடியால ஆர்டிஎக்ஸ் 50 சீரிஸ்லதான் அது வந்துச்சு, அதுக்கு முந்தின கார்டு எவ்வளவு விலை குடுத்து வாங்கியிருந்தாலும் 4:2:2க்கு கை குடுக்காது. இன்டெல்ல 11வது ஜெனரேஷன்ல இருந்து பிராசஸருக்குள்ள இருக்கற கிராஃபிக்ஸ்லயே இருக்கு, ஆனா பேருக்கு கடைசில எஃப்னு போட்ட பிராசஸர்ல அந்த கிராஃபிக்ஸே கிடையாது, ரெண்டாயிரம் மூவாயிரம் மிச்சம்னு அதை வாங்கிட்டு வந்துடாதீங்க. ஆப்பிள்ல எம்1ல இருந்தே ஓடும்.

சிஸ்டம் மாத்த காசு இல்லேன்னா கேமராவுல 4:2:0 10 பிட்டுக்கு மாத்தி பாருங்க, பழைய ஆர்டிஎக்ஸே அதை ஓட்டும். இல்லேன்னா ப்ராக்ஸி (எடிட்டுக்கு மட்டும் லேசான காப்பி) போட்டுட்டு ராத்திரி ஓட விட்டு தூங்குங்க.

கே: மானிட்டர்ல நல்லா இருக்கு, ஆல்பம் வந்தா முகம் செவந்து போய் டார்க்கா வருது. பிரிண்ட் போடற லேப் தப்பா?

ப: நூத்துக்கு எண்பது தடவை நம்ம ஸ்கிரீன் தப்பு. லேப்டாப் ஸ்பெக்ல 45 சதவீதம் என்டிஎஸ்சின்னு (கலர் காட்டற அளவு) போட்டிருந்தா அது எஸ்ஆர்ஜிபிங்கற பொதுவான கலர் அளவுல அறுபது சதவீதம் சொச்சம்தான் காட்டும். அதுல அரக்கு பட்டும் செங்கல் கலரும் ஒண்ணு மாதிரி தெரியும். சரியா தெரியலியேன்னு நீங்க சேச்சுரேஷனை ஏத்துவீங்க, லேப் நீங்க அனுப்பினதை அப்படியே பிரிண்ட் போடும், முகம் செவக்கும்.

டார்க்கா வர்றதுக்கு காரணம் பிரைட்னஸ். ஸ்கிரீனை முழுசா ஏத்தி வச்சு எடிட் பண்ணா படம் வெளிச்சமா இருக்கற மாதிரி தெரிஞ்சு நாம இருட்டாக்கிடுவோம். 100, 120 கேண்டெலா (ஸ்கிரீன் வெளிச்சத்தோட அளவு) பக்கம் வைங்க. எஸ்ஆர்ஜிபி 100 சதவீதம் காட்டற ஐபிஎஸ் மானிட்டர் ஒண்ணு, ஸ்பைடர் மாதிரி ஸ்கிரீன் கலரை சரி பண்ற கேலிபரேட்டர் ஒண்ணு, நாலு ஸ்டுடியோ சேந்து ஒரே கேலிபரேட்டர் வாங்கி மாசம் ஒருக்கா மாத்தி மாத்தி வச்சுக்கலாம், நாங்க அப்படித்தான் வச்சிருக்கோம். அப்புறம் ஜன்னல் வெயில் ஸ்கிரீன் மேல விழாம உக்காருங்க.

கே: படத்தை எங்க, எத்தனை காப்பி வைக்கறது?

ப: மூணு. எடிட் ஓடறது எஸ்எஸ்டில, ரெண்டாவது காப்பி ஸ்டுடியோவுல ஹார்ட் டிஸ்க்ல, மூணாவது வேற வீட்டுல, மாமனார் வீடோ தங்கச்சி வீடோ. சீசனுக்கு 40 கல்யாணம், 90 ஜிபின்னா 3.6 டிபி, அதை ரெண்டால பெருக்கி வருஷா வருஷம் அந்த காசை கொட்டேஷன்லயே சேத்துடுங்க. ஆல்பம் கைக்கு போற வரைக்கும் கார்டை ஃபார்மேட் பண்ணாதீங்க.

கே: மேக்கா, விண்டோஸா?

ப: ரெண்டுலயும் நல்ல வேலை நடக்குது. உங்க ஆல்பம் டிசைனர் எதுல வேலை செய்யறாரோ அதுல இருங்க.

கே: செகண்ட் ஹேண்ட் பாடி வாங்கலாமா?

ப: தாராளமா. ஷட்டர் கவுண்ட் (இதுவரை எத்தனை தடவை ஷட்டர் ஓடியிருக்குன்னு) பாருங்க, டி750க்கு 150,000, ஏ7 மார்க் 3க்கு 200,000ன்னு கம்பெனி ரேட்டிங், அதைத் தாண்டியும் ஓடும், ஆனா விலை பேச அது உதவும். வெள்ளைச் சுவரை எஃப் 16ல எடுத்து தூசி, கீறல் பாருங்க. லென்ஸுக்குள்ள டார்ச் அடிச்சு பாருங்க, நாகப்பட்டினம், சென்னை மாதிரி கடலோரத்துல இருந்து வர்ற லென்ஸ்ல நூல் நூலா ஃபங்கஸ் இருக்கும். ரெண்டு கார்டு ஸ்லாட்டுலயும் கார்டை போட்டு எழுதுதான்னு பாத்துட்டுத்தான் காசு குடுக்கணும். இந்தியா வாரண்டி கார்டு, ஜிஎஸ்டி பில் ரெண்டும் கேட்டு வாங்குங்க.

கே: எப்ப வாங்கறது நல்லது?

ப: ஆடி ஒண்ணாம் தேதி பக்கம். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முன்னாடி ஒரு மாசம் கையில இருக்கும், ஆடி வெள்ளிக்கு அம்மன் கோயில் கூட்டம், சாயந்திர வெளிச்சம், ட்யூப் லைட், தீபம்னு எல்லா வெளிச்சத்துலயும் எடுத்து பட்டன் எல்லாம் விரலுக்கு பழகிடும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் டப்பாவை பிரிக்கறவங்க இருக்காங்க, தயவு செஞ்சு அப்படி பண்ணாதீங்க. பழைய பாடியை உடனே வித்துடாம ஆவணி முழுக்க ரெண்டாவது பாடியா தோள்ல மாட்டிக்கோங்க. அப்புறம் புது கேமரா வாங்கற அன்னைக்கே உங்க லைட்ரூம் வெர்ஷன் அந்த பாடியோட ரா ஃபைலை தொறக்குதான்னு பாத்துடுங்க, பழைய வெர்ஷன் தொறக்காது, அப்டேட் பண்ணப் போனா உங்க பழைய விண்டோஸ் ஏத்துக்காது, கேமரா மட்டும் மாத்த வந்தவர் அதே வாரத்துல கம்ப்யூட்டரும் மாத்த வேண்டி வந்ததை இந்த ஆடியிலயே ரெண்டு பேருகிட்ட பாத்துட்டேன்.